பதினேழாம் நம்பர் டிஸ்க்

அண்ணன்: …அந்தத் தட்டைக் கீழ வை. எத்தனை தடவை தூக்கிப் பார்த்தாலும் அதேதான்.

தங்கை: கிருமி மொத்தமா படர்ந்திருக்கு, அண்ணா. பதினேழாம் நம்பர் மருந்துல ஊறின காகித டிஸ்க்கைச் சுத்தி ஒரு மில்லிமீட்டர்கூட சாகல.

அண்ணன்: அப்போ மருந்து வேலை செய்யலன்னு அந்த வெளியூர் லேப்காரன் சொன்னது…

தங்கை: சரிதான். போன வருஷம் இருபத்திநாலு மில்லிமீட்டர் வட்டத்துக்குக் கிருமி செத்திருந்துச்சு. கட்டுரை வந்துச்சு, பட்டம் வந்துச்சு, எல்லாரும் கைதட்டினாங்க. இன்னிக்கு டிஸ்க்கை நானே வெச்சேன். சைபர்.

அண்ணன்: மரப்பட்டையிலேருந்து எடுத்த மூல மருந்து, அந்தக் கூமரின்?

தங்கை: அது அன்னிக்கும் ஒன்பது, இன்னிக்கும் ஒன்பது. மரம் வாக்கு மாறல. அதை மாத்தி நான் ஆறு வருஷம் உட்கார்ந்து செஞ்ச கூமரின்தான் என் மூஞ்சியில கரி பூசுது.

அண்ணன்: பாட்டில்லயே கெட்டுப்போயிருக்கும்…

தங்கை: மூடியத் திறந்தா காஞ்ச புல் வாசம் இன்னும் அப்படியே அடிக்குது. எதுவும் கெடல.

அண்ணன்: அப்போ கிருமிக்குப் பழகிப்போச்சு. உங்க அண்ணி திட்டு எனக்குப் பழகின மாதிரி.

தங்கை: சிரிப்பு வரல.

அண்ணன்: எனக்கும்தான்… சாப்பிட்டியா?

தங்கை: பேச்சை மாத்தாத. மூணு மணிக்கு விசாரணை. என் பட்டம் நிக்குமா போகுமான்னு தெரிஞ்சிடும். அன்னிக்கு டிஸ்க் வெச்சது யாரு?

அண்ணன்: இருபது வருஷமா இந்த லேப்ல வேற யாரு வெக்கிறா, டாக்டரம்மா?

தங்கை: சொல்லு.

அண்ணன்: என்னத்த…

தங்கை: அண்ணா.

அண்ணன்: …நீ செஞ்சதுல முதல் பதினாறு மருந்தும் வரிசையா தோத்துச்சு. நீ பாத்ரூம்ல குழாயத் திறந்துவிட்டு அழுதே. எனக்குக் காது கேக்காதா? ஒப்பிட்டுப் பார்க்கன்னு கடையில வாங்கி வெச்சிருப்போமே, ஆன்டிபயாடிக் டிஸ்க்… அதுல ஒண்ணை எடுத்துப் பதினேழோட இடத்துல வெச்சேன்.

தங்கை: அதுல மருந்துப் பேரு அச்சடிச்சிருக்குமே?

அண்ணன்: ஒரு பக்கம்தானே. கவுத்து வெச்சேன். மேலேருந்து பார்த்தா வெறும் வெள்ளை.

தங்கை: ரெண்டாவது தடவை?

அண்ணன்: அப்பவும். மூணாவது தடவையும். நீ ஒரு நாளாவது சிரிப்பேன்னுதான் ஆரம்பிச்சேன்… நீ கட்டுரை வரைக்கும் போவேன்னு எனக்கென்ன தெரியும்? அப்புறம் வாயத் திறக்க தைரியம் இல்ல.

தங்கை: ஒரு வருஷம் என்கூட உட்கார்ந்து சாப்பிட்டே. ஒரு வார்த்தை சொல்லல.

அண்ணன்: திட்டு. நல்லா திட்டு. ஆனா உள்ள போனா நீ பேசக்கூடாது. நான்தான் மாத்தி வெச்சேன், அவளுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிடுறேன்.

தங்கை: வேலை போயிடும்.

அண்ணன்: போகட்டும். நான் எங்கயாவது தட்டு கழுவிப் பொழைச்சுக்குவேன். உன் படிப்புக்கு ஒண்ணும் ஆகக்கூடாது… ஏன் தலையக் குனிஞ்சுக்கிட்டே? உன் மேல என்ன தப்பு?

தங்கை: அண்ணா… நாங்க வட்டத்தை எப்படி அளப்போம்னு நீ பார்த்திருக்கியா?

அண்ணன்: நான் வெக்கிறதோட சரி. அளக்கிறது உங்க ரூம்ல. ஸ்கேல் வெச்சுத்தானே?

தங்கை: ஸ்கேல்தான். ஆனா தட்டைத் தலைகீழாத் திருப்பி, அடியிலேருந்து அளப்போம். டிஸ்க்கோட அடிப்பக்கம் அப்படியே தெரியும்.

அண்ணன்: …அப்போ அந்த எழுத்து…

தங்கை: முதல் நாளே படிச்சுட்டேன். இன்னிக்குக் காலையில, நீ வர்றதுக்கு முன்னாடியே, எனக்கு ஒண்ணும் தெரியாது, எல்லாம் உன் வேலைன்னு விசாரணைக் குழுவுக்கு எழுதிக் குடுத்துட்டேன்.