பதினோரு வருஷமா லீவு

...இல்ல, நான் கேக்கறேன், ஊர்ல இத்தன வண்டி ஓடுது, பூட்டு மாட்டறதுக்கு என் சக்கரம்தானா கெடச்சுது போலீசுக்கு? மஞ்சப் பூட்டு கண்ணு, இம்மாம் பெருசு. நீ வரும்போது பாத்திருப்பியே, தெருக்கோடில பைன் மரத்தடில, வெள்ளி கலரு. அது என்னுதுதான். எங்க வீட்டுக்காரரு வில்ஃபோடது, இப்ப என்னுது. மூணு வாரமா அசையாம நிக்குது. மேல பூரா மரத்துப் பிசினு வடிஞ்சு, தொட்டா கை ஒட்டிக்குது.

நீ பாட்டுக்குப் பெட்டியப் பிரி, எனக்காக நிக்காத. நான் இப்படி வாசல்லயே ரெண்டு வார்த்த பேசிட்டுப் போயிடறேன்... சரி சரி, இவ்வளவு கூப்பிடறியே, உக்காறேன். டீ போட்டா எனக்குப் பால் கொஞ்சம் தூக்கலா ஊத்தும்மா. சர்க்கரை மூணு. டாக்டர் ஒண்ணுன்னாரு, அவரு ஸ்பானிஷ்ல சொன்னாரு, எனக்கு மூணுன்னுதான் பட்டுது.

என் பேரு மேவிஸ். எதிர்வீடு, நீலக் கதவு. நேத்து சாயங்காலம் நீ வந்து எறங்கினதும் பாத்தேன். வேவு பாக்கலம்மா, திரைச்சீலயத் தோய்ச்சுப் போட்டிருந்தேனா, ஜன்னல் தொறந்து கெடந்துது, பாக்கும்படியா ஆயிடுச்சு. பாத்ததும் ஒரே கவலையாப் போச்சு. பின்னாடி நம்ம ஊரு மஞ்ச நம்பர் பலகை, ஸ்டீயரிங் வலது பக்கம். ஐயோ, இந்தப் பொண்ணு இங்கிலாந்துலேர்ந்து நேரா வண்டிய ஓட்டிக்கிட்டு இந்த ஸ்பெயின் குன்று மேல ஏறி வந்திருக்கே, இங்க எப்பேர்ப்பட்ட ஆளுங்க இருக்காங்கன்னு தெரியாமன்னு. ராத்திரி சரியாத் தூக்கமே இல்ல. காலைல எழுந்ததும் மொத வேலையா வந்துட்டேன்.

சட்டம் தெரியும்ல உனக்கு? சுற்றுலாவா வந்தவன் நம்பர் மாத்தாம வண்டி ஓட்டலாம். குடியிருக்கறவன் இந்த ஊரு நம்பர் வாங்கியே தீரணும். ஆறு மாசத்துக்கு மேல இருந்தா குடியிருக்கறவன்னு கணக்காம். நானு எங்க குடியிருக்கேன்? தங்கியிருக்கேன். லீவுல வந்தவ. பதினோரு வருஷமா லீவுல இருக்கேன், அதுக்கு என்ன இப்ப? லீவு இவ்வளவு நாள்தான்னு எங்கயாவது எழுதியிருக்கா?... எழுதியிருக்கா. சரி, எழுதியிருக்கு. அதுவும் நம்ம நாடு ஐரோப்பாவ விட்டு வெளிய வந்தப்புறம் இன்னும் கறாரா எழுதிட்டாங்க. அந்த ஓட்டுல நான் எந்தப் பக்கம் போட்டேன்னு கேக்காத. தபால்ல அனுப்பினேன், அவ்வளவுதான் சொல்லுவேன்.

எங்க வில்ஃப் இருந்த வரைக்கும் ஒரு குறையும் இல்ல. அவரு ஒரு வழி வெச்சிருந்தாரு. அஞ்சு மாசம் முடிஞ்சு ஆறாவது மாசம் தொடங்கினா, என்னயும் தூக்கி வண்டில போட்டுக்கிட்டு வடக்கால ஒரே ஓட்டமா ஓட்டி ஃபிரான்ஸ் எல்லையத் தாண்டுவாரு. தாண்டின ஒடனே மொதக் கடைல ஆளுக்கு ஒரு டீ. சுடுதண்ணியும் நூல் கட்டின பொட்டலமும் தனித்தனியாக் குடுப்பான் படுபாவி. குடிச்சுட்டு வண்டியத் திருப்பிடுவாரு. எல்லைய மிதிச்சுட்டா ஆறு மாசம் புதுசா மொதல்லேர்ந்து ஆரம்பிக்கும், மேவிஸ், நாம இப்பத்தான் வந்திருக்கோம்னு சொல்லுவாரு. நம்பினேன் நானும். இப்ப எல்லாரும் சொல்றாங்க அப்படி ஒரு சட்டமே கெடையாதாம். எத்தன டீ கண்ணு. அத்தனையும் வாயில வைக்க முடியாத டீ.

அவரு போனப்புறம் நானேதான் ஓட்டறேன். இங்க எல்லாருக்கும் ஸ்டீயரிங் இடது பக்கம், எனக்கு வலது பக்கம்ங்கறதால கார் நிறுத்தற எடத்துல சீட்டு எடுக்கற மெஷின் எனக்கு அந்தாண்ட பக்கமா வரும். மொதல்ல எல்லாம் எறங்கிச் சுத்திப் போயி எடுப்பேன், பின்னாடி ஹார்ன் அடிச்சே கொன்னுடுவாங்க. அப்புறம் யோசிச்சேன். அடுப்பங்கரை இடுக்கி ஒண்ணு நீளமா இருந்துது, அத வண்டிலயே போட்டுக்கிட்டேன். உக்காந்த எடத்துலேர்ந்தே அந்தப் பக்கத்து ஜன்னல் வழியா நீட்டி ஒரு பிடி, சீட்டு கைல. சூப்பர்மார்க்கெட் காவக்காரரு என்னப் பாத்தாலே கையத் தட்டுவாரு.

எங்க விட்டேன்... ஆங், எப்பேர்ப்பட்ட ஆளுங்க இருக்காங்கன்னேன்ல. பக்கத்து வீட்டக் கவனிச்சியா? சிவப்புப் பூந்தொட்டி வரிசையா வெச்சிருக்குமே, அது. கிளிஃபர்டுன்னு ஒரு ஆளு. தபால் ஆபீஸ்ல இருந்து ரிட்டயர் ஆனவன். அவன் வண்டியும் வெள்ளி கலருதான், அவன்கிட்டயும் நம்ம ஊரு நம்பர்தான் இருந்துது. எங்க வில்ஃப் அடக்கம் முடிஞ்சு ஒரு வாரம்கூட ஆகல, வண்டியக் கொண்டாந்து பைன் மரத்தடில நிறுத்தறான். அது வில்ஃபோட எடம் கண்ணு. இந்தத் தெருவுலயே நிழலுன்னா அது ஒண்ணுதான். நான் வெயில்ல விட்டுட்டு, ஸ்டீயரிங்கத் தொட முடியாம துணி சுத்திப் பிடிச்சு ஓட்டினேன், ஆறு வருஷம். கேட்டா, எடம் யாருக்கும் சொந்தமில்ல மேவிஸ்னு சிரிச்சுக்கிட்டே சொல்றான். சிரிச்சானே, அதத்தான் என்னால தாங்க முடியல.

போன மாசம் ஒரு நா பாக்கறேன், மரத்தடி காலி. கிளிஃபர்டு வண்டிய டவுனுக்கு எடுத்துட்டுப் போயிருக்கான். விளக்கு மாத்தணும், சோதனைக்கு விடணும், இந்த ஊரு நம்பர் வாங்கணும், நாலு நாளாகும்னு இங்கிலீஷ் தெரிஞ்ச நம்ம கடைக்காரம்மா சொன்னா. நான் ஓடினேன் பாரு, இந்த முட்டிய வெச்சுக்கிட்டு. அப்படியே வண்டியக் கொண்டாந்து நிழல்ல விட்டேன். ஒரு மணி நேரம் உள்ளயே உக்காந்திருந்தேன், எறங்கவே மனசில்ல. அவ்வளவு குளுகுளுன்னு இருந்துது.

மறுநா காலைல போலீஸ். ரெண்டு பேரு, ஒரு காகிதத்தப் பாத்து, மரத்தப் பாத்து, வண்டியப் பாத்து, நேரா வந்து பூட்டப் போட்டாங்க. வேற எந்த வண்டியயும் திரும்பிக்கூடப் பாக்கல. யாரோ எழுதிப் போட்டிருக்காங்கன்னு அந்தச் சின்ன போலீஸ்காரரு சைகை காட்டினாரு, இப்படி, பேனா பிடிச்ச மாதிரி.

யாரா இருக்கும்? நீயே சொல்லு. தன் வண்டிய மட்டும் ஒழுங்கா மாத்திக்கிட்டு, தான் ஊர்ல இல்லாத நேரமாப் பாத்து போலீஸ் வர்ற மாதிரி செஞ்சவன் யாரு? தபால் ஆபீஸ் ஆளுக்கு எழுதிப் போடறது கைவந்த கலையாச்சே. அதுலேர்ந்து நான் விடல. அவன் பூந்தொட்டிப் பக்கம் என் குழாயத் திருப்பி விட்டேன், நாலு செடி அழுகிடுச்சு. நம்ம ஊர்க்காரங்க நடத்தற வியாழக்கிழமை க்விஸ் போட்டில அவன் அணிலேர்ந்து விலகி எதிரணிக்குப் போயி, அவனுக்குத் தெரிஞ்சதையெல்லாம் முன்னாடியே சொல்லிக் குடுத்துட்டேன். தோத்தாங்க.

அதுக்கு அந்த மனுஷன் என்ன பண்றான் தெரியுமா? மறுநா வந்து கதவத் தட்டி, உன் வண்டிதான் முடங்கிப் போச்சே மேவிஸ், சந்தைக்கு நான் கூட்டிட்டுப் போறேங்கறான். குத்த உணர்ச்சி. வேற என்ன? நானும் போனேன், ஏன் போகக் கூடாது? ரெண்டு வாரமா சந்தைக்கும் கண் டாக்டருக்கும் அவன்தான் கூட்டிட்டுப் போறான். ஒரு வார்த்த பேச மாட்டேன். வளைவுல வேகமாப் போறன்னு மட்டும் சொல்லுவேன்.

இன்னிக்கும் அவன்தான் வரான், ஒம்பதரைக்கு. இன்னிக்குக் கடைசி நாளு கண்ணு. மதியம் ஒரு மணிக்குள்ள டவுன் ஆபீஸ்ல போயி, நான் இங்கயே குடியிருக்கறவன்னு கையெழுத்துப் போட்டு, வண்டிக்கு இந்த ஊரு நம்பர் கேட்டு எழுதிக் குடுக்கணும். இல்லன்னா நாளைக்கு வண்டிய இழுத்துட்டுப் போயிடுவாங்க. அப்புறம் அது திரும்பி வராது, பழைய வண்டி, நசுக்கிடுவாங்க. காகிதம் பூரா கிளிஃபர்டுதான் அடுக்கி வெச்சிருக்கான். எந்த ஜன்னல்ல நிக்கணும், என்ன கேப்பாங்கன்னு அவனுக்குத்தான் தெரியும். ஸ்பானிஷும் அவனுக்குத்தான் வரும். எனக்கு வணக்கம் சொல்லவும் ஹாம் வாங்கவும்தான் தெரியும்.

வண்டி போனாப் போகட்டும்னு விட முடியல என்னால. கையெழுத்துப் போடவும் கை வரல. அடுத்த வருஷம் திரும்பிடலாம் மேவிஸ், அடுத்த வருஷம் நிச்சயம்னு சொல்லிச் சொல்லியே அவரு இங்க மேட்டுல கல்லறைக்குப் போயிட்டாரு. கையெழுத்துப் போட்டா லீவு முடிஞ்சு போச்சுன்னு அர்த்தம். நான் இனி ஊருக்குப் போகப் போறதில்லன்னு நானே எழுதிக் குடுக்கறது. அழுகையா வருது... இல்ல இல்ல, ஒண்ணுமில்ல, டீ சூடு. அங்க எனக்கு யாரு இருக்கா இப்ப? எங்க ஊரு கிரிம்ஸ்பில இருந்த வீட்ட வித்தாச்சு. போட்டுத்தான் ஆகணும்.

சரி, வந்த விஷயத்தச் சொல்லிடறேன், நேரமாகுது. நீ ஸ்கூல்ல ஸ்பானிஷ் சொல்லிக் குடுத்தவன்னு நீ வர்றதுக்கு முந்தியே கடைக்காரம்மா சொன்னா. எனக்கு ஒரே ஒரு காகிதம் எழுதிக் குடு. கிளிஃபர்டு பின்பக்கம் அனுமதி வாங்காம ஒரு கொட்டகை போட்டிருக்கான். அத எழுது. அவன் எனக்காக வரிசைல நிக்கும்போது நான் நைஸா முனிசிபாலிட்டி வாசல் பெட்டில போட்டுட்டு வந்துடறேன். எடக்கு மடக்கா எல்லாம் வேணாம், நாலு வரி போதும். எப்படி எழுதணும்னு நான் சொல்றேன், எனக்குப் பழக்கம்தான். பேரு போடக் கூடாது. பேரு போட்டா கோள் சொன்ன மாதிரி ஆயிடும், போடலன்னா பொது நன்மை. ரெண்டு மாசம் முந்தி நான் எழுதினப்பகூடப் பேரு போடல.

என்னவா? அது ஒண்ணுமில்ல, அவன் வண்டியப் பத்தித்தான். ஃபோன்லயே ஸ்பானிஷுக்கு மாத்திக் குடுத்துடுச்சு. ரெண்டு மாசமா ஒரு பயலும் எட்டிப் பாக்கல, அவனும் அதுக்குள்ள நம்பர் மாத்தப் போயிட்டான். வீணாப் போச்சு, அதான் இந்தத் தடவ ஃபோன நம்பாம உன்கிட்ட வந்தேன்.

என்ன எழுதினேனா? அப்படியே ஞாபகம் இருக்கு, எவ்வளவு யோசிச்சு எழுதினது. வண்டி நம்பரு எனக்குத் தெரியல, கண்ணாடி இல்லாம என்னத்தப் பாக்கறது. அதனால அடையாளம் எழுதினேன். தெருக்கோடில, பைன் மரத்தடில, வெள்ளி கலரு, இங்கிலாந்து நம்பரு. பல வருஷமா நிக்குது. இதோட சொந்தக்காரர் சுற்றுலாப் பயணி இல்ல, திரும்பிப் போற எண்ணமும் இல்ல...

என்னம்மா அப்படிப் பாக்கற?

பைன் மரத்தடில. ஆமா. அப்ப அது அவன் வண்டி இருந்த எடம்...

இரு. போலீஸ் காகிதத்தப் பாத்து, மரத்தப் பாத்து... அந்தக் காகிதம்... அவன் நாலு நாளா ஊர்லயே இல்ல, வண்டியும் இல்ல. மரத்தடில நின்னது...

ஐயையோ.

பேசாம இரு, கொஞ்ச நேரம் பேசாம இரு. பேசிப் பேசியே கொல்ற நீ. அந்த நாலு செடி... அழுகிப் போனது அவன் பொண்டாட்டி வெச்ச செடிங்க கண்ணு. அவளும் மேட்டுக் கல்லறைலதான் இருக்கா. எனக்கு வாய் மட்டும்தான் வளந்திருக்கு, மூள வளரவே இல்ல.

அது அவன் ஹார்ன்தான். ரெண்டு தடவதான் அடிப்பான், மரியாதக்காரன். அந்தக் கொட்டகை காகிதத்த எழுதாத. எழுத ஆரம்பிக்கவே இல்லையா? நல்லது, புத்திசாலிப் பொண்ணு. நீயும் உன் வண்டிய இந்த வாரமே போயி மாத்திடு, என்ன?

சொல்லிடறேன் அவங்கிட்ட. நெஜமா, நானே என் வாயால சொல்றேன். அப்படிப் பாக்காத... இப்பயேவா? இப்ப சொன்னா ரெண்டாவது வளைவுல என்ன எறக்கி விட்டுட்டு அவன் பாட்டுக்குப் போயிடுவான். நானா இருந்தா அதத்தான் செய்வேன். ஒரு மணிக்குள்ள கையெழுத்துப் போடணுமே. திரும்பி வரும்போது சொல்றேன். வரும்போதுன்னா... வீட்டு வாசல்ல எறங்கினப்புறம். கதவ உள்பக்கமா ஒருக்களிச்சுச் சாத்திக்கிட்டு, அந்த இடுக்கு வழியா.