லேப் கேட்ட முடி

ஒரு கத்தியும் ஒரு கிண்ணமுமாக வந்தவன் நான். படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. இன்றைக்கு உசிலம்பட்டிப் பக்கம் கோயில் வாசலில் முடியெடுக்கும் கொட்டகை என்னுடையது. ஆரப்பாளையத்தில் இரண்டு சலூன் வேறு. எவனும் தூக்கிவிடவில்லை.

போன மாதம் ஒரு கம்பெனி பஸ் டிரைவர் மொட்டை போட உட்கார்ந்தார். தலையை நனைத்துக் கத்தியை எடுத்தேன். பக்கத்தில் போனைப் பார்த்துக்கொண்டிருந்த அவருடைய மச்சான் பதறிப்போய்ச் சொன்னார்.

"மாப்ள, கம்பெனி போதை டெஸ்டுக்கு நாளைக்கு லேப்புல முடியத்தான் கேக்குறாங்க."

கத்தியை அப்படியே நிறுத்தினேன்.

"யூரின்தான மச்சான்?"

"அது போன தடவை. நீ முதுகுவலிக்குத் தின்ன டாக்டர் மாத்திரையும் ஹெராயினும் அதுல ஒண்ணுபோலத் தெரிஞ்சிருச்சாம். முடின்னா பிரிச்சுச் சொல்லிருவாங்களாம். ஹெராயினுக்குன்னு தனித் தடயம் இருக்காம்."

"அப்ப எனக்கு இருக்காது. வேலை தப்பிச்சிரும்."

"மொட்டையா போயி நின்னா? மறைக்கத்தான் மழிச்சான்னு எழுதிருவாங்க."

"வேலை நிலைக்கணும்னு சாமிக்கு நேந்தது மச்சான்."

"சாமி அடுத்த மாசமும் இங்கனதான் இருக்கும். லேப்புக்காரன் காத்திருக்க மாட்டான். எந்திரி."

ஈரத்தலையோடு ஓடினார்கள்.

நேற்று அதே டிரைவர் சிரித்தபடி வந்து மொட்டை போட்டுக்கொண்டார். வேலை நிலைத்துவிட்டதாம். சாமியும் மச்சானும் காப்பாற்றினார்கள் என்று வரிசை முழுக்கச் சொன்னார். சொல்லட்டும். ஆனால் உச்சந்தலைக்கு ஓர் அங்குலம் மேலே கத்தியை நிறுத்தியது யார் கை? அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.