காசில்லாமல் உட்காரும் இடங்கள்

தூத்துக்குடி பஸ் பந்தல்குடியைத் தாண்டியதும், எனக்கு முன் இருக்கையில் இருந்த பெரியவர் பக்கத்து இளைஞரிடம் சொன்னார்: "தூத்துக்குடியில காசு செலவில்லாம எங்கெங்க உக்காரலாம்னு எனக்கு அத்துப்படி தம்பி."

"சொல்லுங்க அண்ணாச்சி. லீவுக்குப் பிள்ளைகளக் கூட்டிட்டு வரலாம்னு பாக்குறேன்."

"காலையில பழைய துறைமுகத்துப் பக்கம் நின்னா தோணியில லோடு ஏத்துறதப் பாக்கலாம். வெயிலுக்கு மாதா கோயில். எம்புட்டு நேரம் உக்காந்தாலும் யாருன்னு கேக்க மாட்டாக. வெயில் தாந்துட்டா பீச்சு."

"அங்க சொந்தம் இருக்காக்கும்?"

"மக இருக்கா."

"அப்ப அவுக வீட்டுலயே இருக்கலாமே."

பெரியவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே கருவேலங்காடு.

"அவளா ஒருத்தனக் கட்டிக்கிட்டுப் போனா. ஒன் வாசல மிதிக்க மாட்டேன்னு ஊரு கேக்கச் சொல்லிட்டேன். சொன்னத மாத்த முடியல. நான் உக்காந்திருக்கிற எடத்துக்கு அவ சோறு கொண்டு வாரா."

"வீடு எந்தப் பக்கம்னாவது தெரியுமா?"

"கேட்டதில்ல. மாதா கோயில் வாசலுக்குக் கொண்டாந்தா கொழம்பு ஆறிப்போயிருது. பீச்சுக்குன்னா சுடச்சுட இருக்கு. அங்கனதான் எங்கயோ இருக்கா."