விரல் அமுங்காத ஷூ

மாமியார்: இதுவும் வேணாம்.

கடைக்காரர்: அம்மா, இது பதினோராவது ஜோடி...

மாமியார்: எண்ணிக்கிட்டா இருந்தீங்க? அப்ப பன்னெண்டாவதை எடுங்க.

மருமகள்: இதுக்கு என்ன அத்தை குறைச்சல்? முட்டி வலிக்கு ஷூ வேணும்னு வேலையிலேருந்து நேரா என்னை இழுத்துட்டு வந்தீங்க. போட்டுப் பாருங்க, மெத்து மெத்துனு இருக்கு.

மாமியார்: அதான் குறைச்சல். இங்க பாரு, கட்டை விரலால அமுக்குறேன்... போகுது, போகுது, போயிட்டே இருக்கு. இது ஷூவா, தலகாணியா?

கடைக்காரர்: முட்டி வலின்னு வர்றவங்க எல்லாம் இதைத்தாம்மா கேப்பாங்க.

மாமியார்: கேக்கட்டும். லாரி எடை மேடையில முப்பது வருஷம் சீட்டு எழுதினவ நான். கீழ மேடை அசைஞ்சா மேல எடை நிக்குமா? அடி கெட்டியா இருக்கணும். எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்.

மருமகள்: லாரிக்கு முட்டி வலிக்காது அத்தை.

மாமியார்: வாயைப் பாரு! நீங்க எடுங்க தம்பி. ஏழாம் நம்பர்.

கடைக்காரர்: ஏழா? உங்க செருப்பைப் பாத்தா அஞ்சு மாதிரி...

மாமியார்: சாயங்காலமானா கால் வீங்கும்.

மருமகள்: ரெண்டு நம்பரா வீங்கும்?

மாமியார்: என் கால், என் வீக்கம். உனக்கென்ன? ...அதோ அந்தக் கடைசி அலமாரியில ஒரு சீட்டு ஒட்டியிருக்கே, 'அகலப் பாதங்களுக்கு'ன்னு. நான் போய் அதைக் கொஞ்சம் புரட்டிட்டு வரேன்.

மருமகள்: அவ்ளோ சின்ன எழுத்தை இங்கேருந்தே படிச்சிட்டீங்களா! போன மாசம்தானே கண் மங்குதுன்னு டாக்டர்கிட்ட போனீங்க?

மாமியார்: போனேன், போனேன். சொட்டு மருந்து குடுத்தார். சரியாயிடுச்சு.

மருமகள்: நல்ல டாக்டர்... அண்ணா. அண்ணா! கொஞ்சம் இப்படி வாங்க. அவங்க திரும்புறதுக்குள்ள ஒண்ணு கேக்கணும்.

கடைக்காரர்: என்னம்மா, மெத்துனு ஒண்ணை நைசாத் தலையில கட்டிடணுமா?

மருமகள்: அது இல்ல. எடை தூக்குறவங்க போடுற ஷூ இருக்கா? ஏழு.

கடைக்காரர்: யாருக்கு?

மருமகள்: எனக்குத்தான். மெதுவாப் பேசுங்க!

கடைக்காரர்: நீங்க... எடை தூக்குறீங்களா?

மருமகள்: ரெண்டு வருஷமா. நான் ஒரு பல் ஆஸ்பத்திரியில டோக்கன் குடுக்குறேன். அதே கட்டடத்துல மாடியில ஜிம். சாப்பாட்டு நேரத்துல ஏறிப் போயிடுவேன். எண்பத்திரெண்டு கிலோ தலைக்கு மேல தூக்கியிருக்கேன் அண்ணா.

கடைக்காரர்: எண்பத்திரெண்டா! நான் அறுபத்தெட்டும்மா. அப்ப என்னையும் தூக்கி, என் கையில இருக்கிற பெட்டியையும் சேத்து...

மருமகள்: சிரிக்காதீங்க. போன மாசம் ஒரு போட்டி. எண்பத்தஞ்சு வச்சாங்க. தோள் வரைக்கும் வந்துடுச்சு. எழுந்து நின்னுட்டேன். மேல தள்ளுறப்ப பாதம் உள்ள அமுங்கி ஒரு பக்கமா சாஞ்சேன்... போச்சு.

கடைக்காரர்: அடடா. அடி பட்டுச்சா?

மருமகள்: சுளுக்குதான். ஆஸ்பத்திரிப் படிக்கட்டுல தடுக்கிட்டேன்னு வீட்டுல சொல்லிட்டேன். வர்ற ஞாயித்துக்கிழமை இன்னொரு போட்டி. எண்பத்தஞ்சு தூக்கினாத்தான் அணியில இடம். விட்டா இனி அடுத்த வருஷம்தான்.

கடைக்காரர்: அன்னைக்கு என்ன ஷூ போட்டிருந்தீங்க?

மருமகள்: இதோ, கால்ல இருக்கே... இதான்.

கடைக்காரர்: இதா! இது ஓடுறவங்க போடுறதும்மா. மெத்தை மேல ஏறி நின்னுக்கிட்டு யாராவது பீரோவைத் தூக்குவாங்களா? எடை தூக்குறதுன்னா அடி கல்லு மாதிரி இருக்கணும். குதிகால் ஒரு விரல் உசரமா இருந்தாத்தான் நல்லாக் கீழ உக்கார வரும். மேல ஒரு பட்டை பாதத்தை இறுக்கிப் பிடிக்கணும். யாரும் சொல்லலையா?

மருமகள்: கோச் தலைபாடா அடிச்சுக்கிட்டார். வாங்கினா வீட்டுல எங்க ஒளிச்சு வைக்கிறது?

கடைக்காரர்: வீட்டுல யாருக்குமே தெரியாதா?

மருமகள்: அவருக்குத் தெரியும். அத்தைக்குத்தான்... எனக்கு ஆபரேஷன் பண்ணித்தான் குழந்தை பொறந்துச்சு. அன்னைக்கு அத்தை பயந்த பயம் இருக்கே! அஞ்சு வருஷமா ஒரு வாளித் தண்ணியைத் தூக்க விட்டதில்ல. 'கீழ வை, தையல் பிரிஞ்சிடும்'னு ஓடி வந்து பிடுங்கிடுவாங்க.

கடைக்காரர்: அஞ்சு வருஷத்துக்கு அப்புறமா தையல்?

மருமகள்: அவங்களுக்கு எல்லாம் நேத்து நடந்த மாதிரி. சொன்னா ராத்திரி தூங்க மாட்டாங்க. ஜெயிச்சு, கப்பை அவங்க கையில குடுத்துட்டு அப்புறம் சொல்லலாம்னு... இருக்கா அண்ணா?

கடைக்காரர்: ஒரே ஜோடி. இதோ, இந்தப் பெட்டிதான். உங்க நேரம், ஏழாவே இருக்கு. இதை விட்டா அடுத்தது வர இருபது நாளாகும்.

மருமகள்: அப்படியே எடுத்து வைங்க. நாளைக்கு நான் தனியா வந்து...

மாமியார்: என்ன அங்க குசுகுசுன்னு?

மருமகள்: ஒண்ணுமில்ல அத்தை! உங்க வீக்கத்தைப் பத்தித்தான்...

மாமியார்: அந்தப் பெட்டியில என்ன? ஏன் தம்பி முதுகுக்குப் பின்னால கொண்டுபோறீங்க?

கடைக்காரர்: இது... உங்களுக்கு ஆகாதும்மா. எடை தூக்குறவங்க போடுறது.

மாமியார்: ஏன், என்னைப் பாத்தா தூக்குறவ மாதிரி தெரியலையா? இப்படிக் குடுங்க... ம். விரல் அமுங்கவே இல்ல. மேசையில தட்டுறேன், கேளு. டக்! சத்தம் எப்படி! இது ஷூ. என்ன நம்பர்... ஏழு. இதையே கட்டுங்க.

மருமகள்: அத்தை!

மாமியார்: என்ன அத்தை?

மருமகள்: குதிகால் உசரமா இருக்கு. முட்டி இன்னும் வலிக்கும். அண்ணா, சொல்லுங்களேன்!

கடைக்காரர்: ஆமாம்மா... இதுல நடக்கிறது கொஞ்சம் கஷ்டம்.

மாமியார்: எனக்குக் கஷ்டம் புதுசா? சரி, இவ்ளோ சொல்றியே, நீ போட்டுக் காட்டு. என்னால குனிய முடியல.

மருமகள்: நான் எதுக்கு...

மாமியார்: போடுன்னா போடு. தம்பி, பட்டையை நீங்க இழுத்து விடுங்க. இன்னும் ஒரு இழுப்பு... ஆங். பெருவிரல் முன்னாடி இடிக்குதா?

மருமகள்: இல்ல. மயிரிழை இடம் இருக்கு.

மாமியார்: அப்படியே உக்காரு.

மருமகள்: எங்க உக்கார? நாற்காலியே இல்ல.

மாமியார்: குத்த வச்சு உக்காரு. இன்னும் கீழ... இன்னும். தம்பி, பின்னாடி பாருங்க, குதிகால் உள்ளுக்குள்ள எழும்புதா?

கடைக்காரர்: ம்ஹூம். ஒட்ட வச்ச மாதிரி இருக்கும்மா.

மாமியார்: இப்ப எழுந்திரு. ரெண்டு கையையும் மேல தூக்கு.

மருமகள்: நடக்கிறதுக்குத்தானே அத்தை ஷூ? கை எதுக்கு?

மாமியார்: பரண்ல ஏதாவது எடுக்க வேண்டியிருக்கும். தூக்கு... ஆடுதா?

மருமகள்: ...இல்ல.

மாமியார்: எப்படி இருக்கு?

மருமகள்: தரை என் காலைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்ட மாதிரி இருக்கு அத்தை.

மாமியார்: அப்ப கழட்டிக் குடு. கட்டச் சொல்லலாம்.

மருமகள்: இன்னும் ஒரே ஒரு தடவை உக்காந்து எழுந்து பாத்துடுறேன்...

மாமியார்: என்ன, கழட்ட மனசு வரலையா?

மருமகள்: அத்தை... இதை நீங்க வாங்காதீங்க.

மாமியார்: ஏன்?

மருமகள்: எனக்கு வேணும். வேற ஜோடி இல்ல. நான்... நான் எடை தூக்குறேன் அத்தை. ரெண்டு வருஷமா. உங்ககிட்ட மறைச்சிட்டேன். போன மாசம் அந்தச் சனிக்கிழமை ட்ரெயினிங்னு சொல்லிட்டுப் போனது பொய். படிக்கட்டுல தடுக்கினதும் பொய். போட்டியில சாஞ்சதுலதான் சுளுக்கிச்சு. எவ்ளோ வேணாலும் திட்டுங்க, கேட்டுக்கிறேன். ஆனா ஞாயித்துக்கிழமை நான் தூக்கத்தான் போறேன்.

கடைக்காரர்: நான் வேணா... கொஞ்ச நேரம் உள்ள போயிட்டு வரவாம்மா?

மாமியார்: எங்க போறீங்க? பில்லைப் போடுங்க.

மருமகள்: அத்தை, நான் சொன்னது காதுல விழுந்துச்சா?

மாமியார்: வீட்டுல துணி துவைக்கிறது யாரு?

மருமகள்: ...நீங்க.

மாமியார்: உன் கறுப்புச் சட்டை பூரா வெள்ளை மாவு. பல் ஆஸ்பத்திரியில என்ன, மாவா பிசையிறாங்க?

மருமகள்: அது கை வழுக்காம இருக்கப் பூசுற பொடி...

மாமியார்: அப்புறம் பையில மடிச்சு ஒரு சீட்டு. போட்டி எங்க, என்னைக்குன்னு அச்சடிச்சிருக்கு. நனையறதுக்கு முன்னாடி எடுத்து, இருந்த இடத்துலயே திருப்பி வச்சேன். போன வாரமும் ஒண்ணு வந்துச்சு. ஒளிக்கத் தெரியாதவளுக்கு எதுக்கு இந்த வேலை?

மருமகள்: அப்ப ஒரு மாசமாத் தெரியுமா? தெரிஞ்சுமா வாளியைப் பிடுங்கினீங்க? நேத்துக்கூட பிடுங்கினீங்களே!

மாமியார்: அஞ்சு வருஷம் பயத்துல பிடுங்கினேன். இந்த ஒரு மாசம், போட்டிக்கு வச்சிருக்கிற பலத்தை வாளியில கொட்டிடாதேன்னு பிடுங்குறேன்.

கடைக்காரர்: அப்ப அந்த முட்டி வலி...

மாமியார்: யாருக்கு?

கடைக்காரர்: சரிதான்! பதினோரு ஜோடி எடுத்ததுல எனக்குத்தான் வந்திருக்கு.

மருமகள்: ஏழாம் நம்பர் எனக்குத்தானா... வாய் விட்டுக் கேட்டிருக்கலாமே அத்தை.

மாமியார்: நீயா சொல்லுவேன்னு பாத்தேன். சொல்ற வழியைக் காணோம். ஞாயித்துக்கிழமை நெருங்குது. புது ஷூவை நாலு நாளாவது போட்டுப் பழக வேணாமா? மொத ரெண்டு தடவையும் கம்பம் மாதிரி நின்ன. மூணாவதுலதான் இடது குதிகால் காலை வாரிடுச்சு. மறுபடியும் வாரினா?

மருமகள்: ...அண்ணா, இடதுன்னு நான் உங்ககிட்ட சொன்னேனா?

கடைக்காரர்: இல்லையே. ஒரு பக்கமா சாஞ்சேன்னுதான் சொன்னீங்க.

மருமகள்: மூணாவது தடவைன்னும் சொல்லல. அவருக்கே அது தெரியாது... அத்தை?

மாமியார்: அங்க வந்தவளுங்க ஒவ்வொருத்தி காலா பாத்தேன். எல்லாருக்கும் குதிகால் உசரமா, பட்டை போட்டு, கட்டையாட்டம் ஷூ. என் வீட்டுப் பொண்ணு கால்ல மட்டும் தலகாணி! வயிறு எரிஞ்சுது எனக்கு. பக்கத்துல ஒருத்தி, 'ஐயோ, கீழ போட்டுட்டாளே'ங்கிறா. 'இதுக்கு முன்னாடி எண்பத்திரெண்டு தூக்கினாளே, அப்ப எங்க பாத்துக்கிட்டிருந்த'ன்னு பிடிச்சுக்கிட்டேன். பெரிய சண்டையாயிடுச்சு.

மருமகள்: சண்டையா!

மாமியார்: பின்ன? 'நீங்க யாரு, அவ அம்மாவா'ன்னு கேட்டா. 'மாமியார்'னேன். நம்பல. எழுந்து நின்னு, அந்த வரிசைக்கே கேக்குற மாதிரி இன்னொரு தடவை சொன்னேன். எத்தனை ஆயிரம் லாரி எடை பாத்தவ நான்... ஒரு நாளும் மாரைத் தட்டிக்கத் தோணினதில்ல. அன்னைக்குத் தோணுச்சு. அவ்ளோ பெருமையா இருந்துச்சு அம்மாடி.

மருமகள்: நீங்க வந்தீங்களா அத்தை... அந்தச் சனிக்கிழமையா? அன்னைக்கு நீங்க கண் டாக்டர்கிட்ட போயிருந்தீங்களே!

மாமியார்: கடைசி வரிசையில உக்காந்து உன் குதிகால் அமுங்கினதைப் பாத்த கண்ணு இது. இதுக்கு எதுக்குடி டாக்டர்?