புதுக் கோச்சுக்கு ஒரு அர்ச்சனை

றிச்மண்ட் ஹில் கோயிலுக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். அவர் தன் அபிமான ஐஸ் ஹொக்கி அணியின் ஜேர்சி போட்டிருந்தார். மடியில் தேங்காய், பழத்தோடு அர்ச்சனைத் தட்டு.

"எங்கட ரீமுக்கு வந்திருக்கிற புதுக் கோச்சின்ர நட்சத்திரம் தெரியேல்லையப்பா. ஐயர் கேட்டா என்ன சொல்லுறது?"

"உங்களுக்கென்ன விசரோ? போன கோச்சுக்கும் அர்ச்சனை செய்தனீங்கள், அடுத்த கிழமையே வேலையாலை நிப்பாட்டிப்போட்டாங்கள். அதுக்கு முதல் இருந்தவனுக்கும் உதே கதிதான்."

"ரீம் தோத்தா நான் என்ன செய்யிறது?"

"பேசாமல் இருங்கோ!"

இரண்டு தரிப்பிடம் தாண்டியதும் அவர் மெல்லச் சொன்னார்: "சரி, கோச்சை விடு. எங்கட பெடியன்ர பேருக்குச் செய்வம்."

மனைவி தட்டைப் பறித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"ஐயோ, வேண்டாம்! அவனுக்கு இப்பதான் ஒரு வேலை கிடைச்சிருக்கு."