ஆர்.சி. புக்குப் பை

கௌசியா: ...ஸ்கேன்ல பேஸ்மேக்கர் நல்லாத் தெரியுது. ஃபைல்ல மட்டும் அதைப் பத்தி ஒரு வரி இல்ல. ஏங்க ஐயா சொல்லல?

சென்னியப்பன்: நீங்க தொண்டைல இருக்கற கட்டிக்குத்தான வைத்தியம் பாக்கறீங்க. நெஞ்சப் பத்தி யாரு கேட்டா?

கௌசியா: இப்ப நான் கேக்கறேன். நாளைக்கு ரேடியேஷன் மெஷினை ஓட்டப் போறது நான்தான்.

சென்னியப்பன்: அப்ப நீங்களும் டிரைவருதான் அம்மிணி.

மாரக்காள்: ஏனுங்க, கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க... மூணு வருசம் ஆச்சுங்க அம்மிணி. லாரி ஓட்டறப்பவே மயங்கி ஸ்டீரிங்கு மேல சாஞ்சுட்டாரு. அப்ப வெச்சது.

கௌசியா: வெச்சப்ப ஒரு கார்டு குடுத்திருப்பாங்க. எந்தக் கம்பெனி, என்ன மாடல்னு போட்டு...

சென்னியப்பன்: அது எங்கியோ போச்சு. நீங்க கரண்டு வைங்க. பாஞ்சு நிமிசந்தான?

கௌசியா: அப்படி வைக்க முடியாதுங்க. கதிர் பட்டா அந்த மெஷின் குழம்பிடலாம். முதல்ல இதய டாக்டர் அதைச் சோதிக்கணும். உங்க நெஞ்சு முழுசா அதை நம்பி ஓடுதா, இல்ல அப்பப்பதான் கை குடுக்குதான்னு பாக்கணும்.

சென்னியப்பன்: ம்... லாரில வெல்டிங் வெக்கறப்ப பேட்டரி ஒயரக் கழட்டி உடுவோம். இல்லீன்னா உள்ள இருக்கற கம்ப்யூட்டரு போயிரும்.

கௌசியா: அதேதான்.

சென்னியப்பன்: இதக் கழட்ட முடியாதே...

கௌசியா: முடியாது. அதனாலதான் கார்டு கேக்கறேன். எங்க வெச்சீங்க, யோசிங்க.

சென்னியப்பன்: நம்ம பழக்கம்... எந்தக் காயிதம் வந்தாலும் ஆர்.சி. புக்குப் பையில சொருகிருவன். இன்சூரன்சு, பர்மிட்டு... அதோட இதும்.

கௌசியா: அந்தப் பை?

சென்னியப்பன்: வண்டில. வண்டிதான் வித்தாச்சே. இனி ஸ்டீரிங்கத் தொடக் கூடாதுன்னு டாக்டரு சொன்ன வாரமே, நம்மளாட்ட லாரி ஓட்டற காளிதாசுக்குக் குடுத்துட்டன்.

மாரக்காள்: ...ஆமாங்க. ஊட்ல அப்படித்தான் சொன்னாரு.

கௌசியா: காளிதாஸ் நம்பர் குடுங்க. நானே பேசறேன்.

சென்னியப்பன்: வேண்டாம் அம்மிணி. அவன்... ஒரிசா லைன்ல லோடு ஓட்டிட்டு இருப்பான்.

கௌசியா: அப்ப பழைய ஆஸ்பத்திரியிலதான் தேடச் சொல்லணும். நாளாகும். அதுவரைக்கும் உங்க கட்டி சும்மா இருக்காதுங்க ஐயா.

மாரக்காள்: நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தன்... இந்தாங்க அம்மிணி, கார்டு.

சென்னியப்பன்: மாரக்கா... இது ஏது உங்கிட்ட?

மாரக்காள்: ஆர்.சி. புக்குப் பையில இருந்து எடுத்ததுதான்.

சென்னியப்பன்: வண்டிதான் காளிதாசு...

மாரக்காள்: சங்ககிரி லாரி ஸ்டேண்டுல நிக்குது. புக்கிங் ஆபீசு வேலைன்னு சொல்லிட்டு நீங்க லோடு ஏத்திட்டுப் போறதும் தெரியும். நிறுத்தச் சொன்னா ஒடஞ்சு போயிருவீங்கன்னு பயந்துட்டு வாயத் தொறக்கல.

சென்னியப்பன்: எத்தன நாளா...

மாரக்காள்: மூணு வருசமா அமாவாசைக்கு அமாவாசை உங்க வண்டிக்கு எலுமிச்சம்பழம் கட்டறது கிளீனருன்னா நெனச்சீங்க?