ஒரு நஞ்சுக்கொடி, இரண்டு பிள்ளைகள்

கன்னியாகுமரி மாவட்டம், இராஜாக்கமங்கலம் அருகே கடற்கரைத் தெருவில் குடியிருக்கும் மரியஜான் மனைவி செசிலி, வயது 34, என்பவர் 19.08.2013 அன்று காவல் நிலையத்தில் ஆஜராகிக் கொடுத்த வாக்குமூலம்.

நான் மேற்கண்ட முகவரியில் குடியிருந்து மீன் வியாபாரம் செய்து வருகிறேன். என் கணவர் பஹ்ரைனில் மீன்பிடித் தொழில் செய்கிறார். புகார் கொடுத்த ததேயுஸ் என் கணவரின் உடன்பிறந்த அண்ணன். புகாரில் சொல்லப்பட்ட ரெனிஷா புதுக்கடையைச் சேர்ந்தவர், நாகர்கோவிலில் நான் சிகிச்சை பெற்ற மருத்துவமனையின் ஆய்வுக்கூடத்தில் கருக்களை வளர்க்கும் வேலை செய்பவர். சிகிச்சைக்குப் போகும் முன் அவரை எனக்குத் தெரியாது.

எனக்குக் கல்யாணமாகிப் பல வருடங்களாகப் பிள்ளை இல்லை. சென்ற வருடம் என் கணவர் விடுமுறையில் வந்திருந்தபோது மேற்படி மருத்துவமனைக்குப் போனோம். என் முட்டையையும் கணவரின் விந்தையும் வெளியே சேர்த்துக் கரு உண்டாக்கினார்கள். அதன் பிறகு ஒன்றைத் தவிர மற்ற கருக்கள் எல்லாம் பாதியிலேயே வளராமல் நின்றுவிட்டதாகச் சொன்னார்கள். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அதன் பிறகு ரெனிஷா என்னைக் கூப்பிட்டு, மிச்சம் இருந்த ஒரு கருவைத் திரையில் காட்டினார். அது ஐந்தாம் நாள் கரு. உருண்டையாக, ஓரத்தில் ஒரு வரிசை செல்களும் உள்ளே ஒரு பக்கம் ஒட்டிக்கொண்டு ஒரு கூட்டம் செல்களும் இருந்தன. ஓரத்தில் இருப்பவை நஞ்சுக்கொடியாகும், உள்ளே இருப்பவை பிள்ளையாகும் என்றார். எது எதுவாக ஆக வேண்டும் என்று யார் தீர்மானித்தது என்று கேட்டேன். ஆரம்பத்தில் எல்லா செல்லும் எதுவாகவும் ஆகக்கூடியவைதான், பிறகு வெளியே அகப்பட்டது ஒரு வேலையையும் உள்ளே அகப்பட்டது இன்னொரு வேலையையும் எடுத்துக்கொள்ளும் என்றார். எங்கள் ஊரில் கரையில் நின்று கரைமடி வலையை இழுக்கும்போதும் அப்படித்தான், நிற்கிற இடத்தைப் பார்த்து அவனவன் வேலையை எடுத்துக்கொள்வான். அதனால் எனக்கு அது உடனே விளங்கியது.

அதன் பிறகு அந்த ஒரு கருவை எனக்கு வைத்தார்கள். அது தங்கியது. அதன் பிறகு எடுத்த ஸ்கேனில் இரண்டு பிள்ளைகள் தெரிந்தன. வைத்த கரு ஒன்று இரண்டாகப் பிரிந்திருக்கிறது என்று டாக்டர் சொன்னார். என் கணவர் போனில், "ஏட்டி, ஒண்ணு கேட்டோம், ரெண்டு தந்தாச்சு. இனி ஒண்ணத் திருப்பி எடுங்கன்னு சொல்லப்பிடாது" என்று சிரித்தார். கடந்த மே மாதம் ஆபரேஷன் மூலம் இரண்டு ஆண் பிள்ளைகள் பிறந்தார்கள். மூத்தவனுக்குப் பெனின், இளையவனுக்கு ஜெனின் என்று பெயர் வைத்தோம்.

எங்கள் குடும்பத்தில் பிள்ளை பிறந்தால் நஞ்சுக்கொடியை மண்கலயத்தில் உப்போடு அடக்கி வீட்டு மனையில் புதைப்பது வழக்கம். என் கணவர் ஊரில் இல்லாததால் ததேயுஸ்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தார், இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்து இரண்டு கலயம் வாங்கி வந்தார். உள்ளிருந்து ஒரு நஞ்சுக்கொடிதான் தந்தார்கள். ஒரு கலயம் காலியாகவே வீட்டுக்கு வந்தது. அன்று முதல் அவருக்குச் சந்தேகம் உண்டாகிவிட்டது. வைத்த கரு ஒன்று, தந்த நஞ்சுக்கொடி ஒன்று, ஆகவே நம் பிள்ளையும் ஒன்றுதான், ஆய்வுக்கூடத்தில் வேறு யாருடைய கருவோ தவறிச் சேர்ந்துவிட்டது, அந்த நஞ்சுக்கொடியை மறைத்துவிட்டார்கள் என்று சொல்லத் தொடங்கினார்.

அதன் பிறகு ஞானஸ்நானத்துக்கு ஏற்பாடு நடந்தது. பிள்ளைகளைக் கையில் ஏந்திப் பிடிக்க வேண்டிய ஞானத்தகப்பன் ததேயுஸ்தான். அவர் என்னிடம், "மக்கா செசிலி, மூத்தவன நான் பிடிக்கேன். எளையவன் எவளோ ஒருத்திக்கு உள்ள பிள்ள. அவ எங்க கெடந்து அழுதாளோ" என்றார். அவர் கெட்டவர் இல்லை. யாரோ ஒரு தாய்க்காக மனதார வருத்தப்பட்டுத்தான் சொன்னார். அதனால் அவரோடு சண்டை போடவும் என்னால் முடியவில்லை. தெருப் பெண்கள் ஜெனினை மட்டும் உற்றுப் பார்த்தார்கள். என் கணவரிடம் போனில் சொன்னேன். ஜெனின் யார் ஜாடை என்று அவரும் கேட்டார். அவரும் அப்படிக் கேட்டதுதான் எனக்கு எல்லாவற்றையும் விட வேதனையாக இருந்தது. அதன் பிறகு ததேயுஸ், ரெனிஷா மீது புகார் கொடுத்து, ஜெனினுக்கு மட்டும் இரத்தப் பரிசோதனை செய்து அவனை உரியவர்களிடம் ஒப்படைக்கக் கேட்டிருக்கிறார்.

இன்று எங்கள் எல்லோரையும் விசாரணைக்கு அழைத்தார்கள். நான் இரண்டு பிள்ளைகளையும் கொண்டு வந்தேன். ரெனிஷாவும் வந்தார். தன் மேல் புகார் கொடுத்தவரிடம் அவர் கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. காவல் ஆய்வாளர் முன்னிலையில், "அண்ணா, நீங்க பொதைக்கும்போ நஞ்சுல தொப்புள்கொடி எத்தன கெடந்துது?" என்று கேட்டார். ததேயுஸ், "ரெண்டு. ரெண்டு வடம் போல கெடந்துது. மத்த பிள்ளைக்க கொடி தெரியாம கூட வந்துட்டுன்னு நெனச்சேன்" என்றார். இரண்டும் அந்த ஒரே நஞ்சில்தான் முளைத்திருந்ததா என்று ரெனிஷா கேட்டதற்கு, ஆமாம் என்றார்.

அதன் பிறகு ரெனிஷா விளக்கமாகச் சொன்னார். வெளியே இருந்த செல்கள் நஞ்சுக்கொடியாவது என்று முதலிலேயே முடிவாகிவிட்டது, ஆகவே அது ஒன்றாகவே இருந்தது, உள்ளே இருந்த கூட்டம் மட்டும் அதன் பிறகு இரண்டாகப் பிரிந்தது, வேறொருவர் கரு வந்திருந்தால் அது தன் நஞ்சுக்கொடியைத் தானே கொண்டு வந்திருக்கும் என்றார். ஒரே நஞ்சுக்கொடியில் இரண்டு தொப்புள்கொடி இருந்ததுதான் இரண்டும் ஒரே கரு என்பதற்கு அடையாளம் என்றார். ததேயுஸ் தலையைக் குனிந்துகொண்டார். அதன் பிறகு எழுந்து வந்து ஜெனினைக் கேட்டு இரண்டு கைகளையும் நீட்டினார். "அத்தான், ரெண்டு பேரையும் சேத்துப் பிடியுங்க. இல்லேங்கி ஒருத்தனும் வேண்டாம்" என்றேன். அவர் இரண்டு பேரையும் வாங்கிக்கொண்டார். பெனின் அவர் சட்டையில் கக்கினான். அவர் துடைக்கவில்லை.

மரபணுப் பரிசோதனைக்குச் சம்மதமா என்று காவல் ஆய்வாளர் கேட்டார். சம்மதம், ஆனால் ஜெனினுக்கு மட்டும் எடுக்க விடமாட்டேன், இரண்டு பேருக்கும் எடுக்க வேண்டும் என்றேன். அதற்குள் ததேயுஸ் புகாரைத் திரும்பப் பெறுவதாகச் சொல்லிவிட்டார். எந்தப் பிள்ளை முதலில் வைத்த கரு என்று ஒரு காவலர் கேட்டார். இரண்டு பேரும்தான் என்றேன்.

ததேயுஸ் மீது எனக்கு எந்தப் புகாரும் இல்லை. ரெனிஷா மீது எந்தக் குற்றமும் இல்லை. எல்லாம் நின்றுபோன நாளில் மிச்சம் இருந்த ஒன்றைக் கைவிடாமல் என் வயிற்றுக்கு வரும்வரை வைத்துப் பார்த்தவர் அவர், அவருக்கு நான் நன்றி சொல்வதாக எழுதுங்கள் என்று கேட்டேன். வாக்குமூலத்தில் நன்றி எழுதும் வழக்கம் இல்லை என்றார்கள். அது இல்லாமல் கையெழுத்துப் போடமாட்டேன் என்றேன். அதன் பிறகு எழுதிக்கொண்டார்கள்.

இதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, இதில் பொய் ஏதும் இல்லை.

(ஒப்பம்) ம. செசிலி